காதுக்கு வைத்த பரீட்சை

சூசைமுத்துவுக்கும் அமலோற்பவமேரிக்கும் கல்யாணம் நடந்தது 1993இல். பெண் வீடு திண்டிவனம், மாப்பிள்ளை வீடு விழுப்புரம். சீராக வந்த கட்டில், பீரோ எதையும் மாப்பிள்ளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மேரியின் அண்ணன் கடைசி நேரத்தில் வாங்கிக் கொடுத்த டேப்ரிக்கார்டர் மேல்தான் அவர் கண். மறுநாள் காலையில் புதுப்பெண் காப்பியோடு போனபோது மாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேப்ரிக்கார்டரின் பின்மூடியைக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்திருந்தார்.

“பாட்டுக்குப் பின்னாடி உஸ்ஸுனு ஒரு சத்தம் வந்துக்கினே இருக்குது. ஒனக்குக் கேக்குதா?”

மேரி காது கொடுத்துக் கேட்டாள். கொல்லையில் மாமியார் பாத்திரம் துலக்கும் சத்தம்தான் கேட்டது. “கேக்கலீங்க” என்றாள். சூசைமுத்து அவளைப் பார்த்த பார்வையில் ஆசையும் இருந்தது, ஐயோ பாவம் என்ற இரக்கமும் இருந்தது. பிறகு வந்த வருஷங்களிலும் அவளை அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காதுக்கென்று பிறந்த மனுஷனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். கண்டக்டராக ஏறி, முதுகுவலியால் இறங்கி, வண்டி வரும் நேரமும் கிளம்பும் நேரமும் குறிக்கிற அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்க ஹாரனும் விசிலும் ‘திருவண்ணாமலை, திருவண்ணாமலை’ என்ற கூச்சலும் காதைக் கிழிக்கும். அதற்கு நடுவிலும் வண்டி வாசலில் திரும்பும் முன்பே இரைச்சலை வைத்து அது எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். டிரைவர்கள் அதை ரசித்தார்கள். அவர் அதை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் குளித்து, சட்டை மாற்றி, பாட்டின் முன்னால் போய் உட்கார்ந்தால்தான் அன்றைய அழுக்கு முழுதாகப் போனதாக அவருக்குத் தோன்றும்.

மேரியின் வேலை வேறு ரகம். திண்டிவனத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் டெக்னீசியன். தினமும் காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறி, சாயங்காலம் திரும்புவாள். அவள் கையால் எழுதிக் கொடுத்த ரிசல்ட்டில் டாக்டரே மறு கேள்வி கேட்பதில்லை. ஒருமுறை வேங்கடேசன் என்ற ரிடையர்டு வாத்தியார் அவளிடம் குழைந்து குழைந்து பேசினார்.

“சக்கரைய கொஞ்சம் கொறச்சிப் போட்டுக் குடும்மா. இத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போனா எம்பொண்டாட்டி எனக்கு ஒரு துண்டு மைசூர்பாகு கூட காட்டமாட்டா.”

“ரத்தம் இன்னா சொல்லுதோ அதத்தான் சார் நான் எழுதுவேன்” என்றாள் மேரி. வாத்தியார் ரிசல்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த மேரி வீட்டில் செய்த காரியத்தைத்தான் இனிமேல் சொல்ல வேண்டியிருக்கிறது.

டேப்ரிக்கார்டர் போய் சிடி வந்தது. பிறகு நடைபாதையில் விற்ற எம்பி3 சிடி வந்தது. ஒரே தட்டில் நூற்றுக்கு மேல் பாட்டு என்றதும் சூசைமுத்து பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த வாரம் முகம் சுண்டிப்போய்விட்டது. “வீணையைத் தகரத்துல செஞ்ச மாதிரி இருக்குது மேரி” என்றார். மேரிக்கு வீணையாகத்தான் கேட்டது. 

2006இல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மகள் டயானாவின் படிப்புக்கு என்று பேர். இன்டர்நெட் இணைப்பும் வந்தபின் அப்பா பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிட்டார், மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்து நின்றாள். அதில்தான் அவர் ஃப்ளாக் என்கிற வகைக் கோப்பைக் கண்டுபிடித்தார். அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். எம்பி3காரன் பாட்டைச் சின்னதாக்க, நம் காதுக்கு எது தெரியாது என்று அவனே முடிவு செய்து வெட்டித் தள்ளிவிடுகிறான். ஃப்ளாக் ஒரு நூலைக் கூட விடாமல் மடித்து மட்டும் வைக்கிறது. “பீரோவுல எடம் பத்தலன்னு ஒரு பட்டுப்பொடவைய கத்தரிச்சா வெப்ப? மடிச்சித்தான வெப்ப?” என்று மேரியிடம் கேட்டார். புடவை உதாரணம் அவளுக்குப் பிடித்தது. அதோடு சரி என்றுதான் நினைத்தாள்.

எங்கே சரி? சாதாரண சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்த ஹை ரெசல்யூஷன் கோப்புகள் இருக்கின்றன என்று அடுத்து தெரிந்துகொண்டார். ஒரு கச்சேரி ஒரு முழுப் படத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி இறக்கப் போட்டால் விடிந்தும் பாதிதான் வந்திருக்கும். கம்ப்யூட்டரில் இருக்கிற எண்களைச் சத்தமாக்க டாக் என்று தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு பெட்டி வாங்கினார். கம்ப்யூட்டரின் கேபினெட்டுக்குள் ஓடும் குட்டி ஃபேன் சத்தம் இடைஞ்சல் என்று சுவரில் ஓட்டை போட்டு, திரையையும் விசைப்பலகையையும் கூடத்தில் வைத்துக்கொண்டு, கேபினெட்டை மட்டும் சமையலறைக்குத் தள்ளினார். அரிசி டிரம்முக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் அது பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. மேரி தாளிக்கும்போதெல்லாம் அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுத் தாளித்தாள். பாட்டுக் கேட்கும்போது மேலே சுற்றும் ஃபேனையும் நிறுத்திவிடுவார். விழுப்புரத்துச் சித்திரை வெயிலில், ஃபேன் இல்லாமல், வேர்த்து ஒழுக, ஒரு மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. மேரிக்கும் வரவில்லை. அவளுக்கு அவரை அப்படிப் பார்க்க ரொம்பப் பிடிக்கும்.

அந்தச் சிரிப்பு அணைந்துபோன ஒரு வாரம் வந்தது. சூப்பர்வைசர் பதவிக்கு டிபார்ட்மென்ட்டில் வைக்கிற பரீட்சையை அவர் மறுபடியும் எழுதியிருந்தார். மறுபடியும் தோற்றிருந்தார். பத்தாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டியதிலிருந்து எந்தப் பரீட்சையும் அவரை மதித்ததில்லை. அவரிடம் வேலை பழகிய பையன்கள் பாஸ் பண்ணி மேலே போனார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. கூண்டுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். பாட்டுப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது மேரிதான் பேச்சை எடுத்தாள். “கண்ண மூடிக்கினு கேட்டாலே எது எம்பி3, எது ஒரிஜினல்னு சொல்லுவேன்னீங்களே. எங்க, சொல்லுங்க பாக்கலாம்.”

அப்படி ஒரு சோதனை உண்டு என்று அவர்தான் இன்டர்நெட்டில் படித்துச் சொல்லியிருந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மேரி ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் பார்த்து, எதை முதலில் போடுவது என்று முடிவு செய்தாள். ஒரே வீணைத் துண்டு, ஒன்று எம்பி3, ஒன்று ஹை ரெசல்யூஷன். இரண்டும் ஓடி முடிந்தன.

“ரெண்டாவது வந்துச்சே, அதான் ஒரிஜினல்.” குரலில் அவ்வளவு நிச்சயம். ஒரு வாரமாக இல்லாத உயிர் அதில் இருந்தது.

திரையில் இரண்டாவதாக ஓடியது எம்பி3.

மேரி அவருடைய முதுகைப் பார்த்தாள். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, பதிலுக்குக் காத்திருந்தது. அவளுடைய வாய் அவளைக் கேட்காமலேயே சொன்னது: “கரெக்ட்டுங்க.”

அவர் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்தபின், உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்று எல்லாவற்றுக்கும் கரெக்ட் என்றாள். சிலது நிஜமாகவே சரி, சிலது தப்பு. பத்துக்குப் பத்து என்று கணக்கு முடிந்தது. குழம்பை அவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை, கறி, பரீட்சை என்று வழக்கமாகிவிட்டது. ஒருநாள் டயானா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்துவிட்டாள். அப்பா சொன்னது தப்பு, அம்மா சொன்னதும் தப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் மேரி கண்ணாலேயே மிரட்டினாள். டயானா துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட மேரி இதை ஒரு பாவமாகக் கணக்கில் சேர்த்ததில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் மணிமாறன் ரூபத்தில் வந்தது. ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற குடும்பம் அவனுடையது. அவன் மட்டும் திண்டிவனத்தில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். பாட்டுப் பைத்தியத்தில் சூசைமுத்துவுக்கு இளைத்தவன் இல்லை. தன் வீட்டு மாடியில் ஒரு அறையைப் பாட்டுக்கென்றே கட்டி, சுவருக்கெல்லாம் கனமான துணி அடித்து, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் நிறுத்தியிருந்தான். ஆனால் அவன் வேறு கட்சி. ஸ்பீக்கர்தான் எல்லாம், நல்ல எம்பி3க்கும் ஹை ரெசல்யூஷனுக்கும் மனுஷக் காதுக்கு வித்தியாசமே தெரியாது என்பான்.

2012இல் ஒரு நாள் அவன் சூசைமுத்து வீட்டுக்கு வந்து, ஃபேன் இல்லாமல் வெந்து, இரண்டையும் கேட்டுவிட்டு எழுந்தான்.

“ரெண்டும் ஒண்ணுதாண்ணா. சும்மா பேஜாரு பண்ணிக்கினு ஃபேனையும் நிறுத்தி வெச்சிருக்கீங்க.”

“ஒனக்குத் தெரியலன்னு சொல்லு. எனக்குத் தெரியுது. பத்துக்குப் பத்து சொல்றேன்.”

“யாரு பாத்தா?”

சூசைமுத்து சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். “எம்பொண்டாட்டி பாத்தா. லேப்ல வேல செய்யிறவ. திண்டிவனத்துல யாரை வேணா கேளு, அவ ரிசல்ட்டு மாத்திச் சொல்லமாட்டா.”

உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மேரிக்குக் கை நின்றுவிட்டது.

மணிமாறன் ரோஷக்காரன், ஆனால் நல்லவன். “அண்ணி சொன்னா சரிதான்” என்று ஒத்துக்கொண்டான். அதோடு போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்டு ரசிக்கிற கூட்டாளிகள் ஐந்தாறு பேர் பாண்டிச்சேரியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் தன் வீட்டுக்கு வருகிறார்கள், அங்கே வந்து எல்லார் முன்னாலும் செய்து காட்டுங்கள், நான் தோற்றால் வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சூசைமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த வாரம் மேரி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் நாலு பேர் முன்னால் மனுஷன் தலை குனிந்து நிற்பார். சொன்னால் இத்தனை வருஷம் தன்னைப் பொய் சொல்லி ஏமாற்றியவள் தன் பெண்டாட்டி என்று தெரிந்துபோகும். ‘மாத்திச் சொல்லமாட்டா’ என்று அவர் சொன்ன சொல் பஸ்ஸிலும் லேப்பிலும் அவள் கூடவே வந்தது. புதன்கிழமை மெல்ல ஆரம்பித்தாள்.

“ஏங்க, வீட்ல சொல்றதும் வெளியில சொல்றதும் ஒண்ணாயிடாதுங்க.”

“பயப்புடாத மேரி. காத ஊட்டுலயா வுட்டுட்டுப் போறேன்?”

சனிக்கிழமை ஒத்திகை. இப்போதாவது உண்மையைச் சொல்லி மெல்லப் புரிய வைக்கலாம் என்று, முதல் பதிலுக்கே “தப்புங்க” என்றாள். அவர் ஆடிப்போய்விட்டார். “நாளைக்குன்னு பாத்து காது அடைச்சிக்கிச்சா?” என்று ஆவி பிடித்தார். மிளகு ரசம் வைக்கச் சொன்னார். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் போர்வைக்குள் குனிந்து இருமிக்கொண்டிருந்த அந்த உருவத்தைப் பார்த்தபோது மேரிக்கு அழுகை வந்தது. ஆவி பிடித்து முடித்து வந்து மறுபடி உட்கார்ந்து மறுபடி தப்பாகச் சொன்னார். அவள் கரெக்ட் என்றாள். “பாத்தியா, ஆவி புடிச்சதும் தெறந்துக்கிச்சு” என்று நிம்மதியாகத் தூங்கப் போனார். தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது அவளுக்கு.

அப்போது தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மேரி மனமுருகி வேண்டிக்கொண்டது மின்வெட்டுக்காகத்தான். மாதா கேட்டிருப்பாள் போலிருக்கிறது. அவர்கள் மணிமாறன் வீட்டுப் படியேறும்போதே கரண்ட் போய்விட்டது. “நல்லதாப் போச்சு” என்று மேரி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“கவலப்படாதீங்க அண்ணி, இன்வெர்ட்டர் போட்டிருக்கேன்” என்றான் மணிமாறன்.

அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார்கள். அப்படி ஒரு நிசப்தத்தை மேரி அதுவரை கேட்டதில்லை. தெருச் சத்தம் இல்லை, ஃபேன் இல்லை. புடவை சரசரப்பு பெரிதாகக் கேட்டது. எல்லாரும் திரை தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். சூசைமுத்துவுக்கு நடுவில் நாற்காலி. கம்ப்யூட்டருக்கு யார் என்ற பேச்சு வந்தது. தான் உட்கார்ந்தால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்றான் மணிமாறன். பிறகு அவனே சொன்னான், “அண்ணியே உக்காரட்டும். அவங்க சொன்னா அப்பீலே கெடையாது.”

மேரி மறுத்துப் பார்த்தாள். மணிமாறனின் மனைவி புனிதா அவள் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். இனித் திரையைப் பார்க்கிற கண் மேரியுடையது ஒன்றுதான். அவள் எதைச் சொல்கிறாளோ அதுதான் அங்கே உண்மை. அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். உள்ளதைச் சொல்லிவிடுவது. அவர் தோற்கட்டும், வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துகொள்ளலாம்.

காசைச் சுண்டினாள். போட்டாள். வயலின் ஒரு முறை, மறுபடி ஒரு முறை.

“ரெண்டாவதுதான் ஒரிஜினல்” என்றார் சூசைமுத்து.

தப்பு. அதையே சொல்ல மேரி வாயெடுத்தாள். அந்த முதுகு, சாய்ந்த தலை, பின்கழுத்தில் நரைத்த முடி.

“கரெக்ட்டுங்க” என்றாள்.

“சபாஷ்ணா!” என்றான் மணிமாறன். யாரோ கை தட்டினார்கள். சூசைமுத்து மட்டும் அசையவில்லை. வீட்டில் என்றால் இந்நேரம் திரும்பிப் பார்த்துச் சிரித்திருப்பார்.

இரண்டாவது தடவை, முதலில் வந்ததே ஒரிஜினல் என்றார். அது நிஜமாகவே சரி. “கரெக்ட்டு” என்று மேரி சட்டென்று சொன்னாள், மூச்சு விட்டாள். மூன்றாவதில் மறுபடி தப்பு. இப்போது அவளுக்கு வழி இல்லை. “கரெக்ட்டுங்க.”

சூசைமுத்து கையை உயர்த்தினார்.

“போதும் மணி. நிறுத்திக்கலாம்.”

“இன்னாண்ணா, மூணுக்கு மூணு வந்துக்கினு இருக்குது!”

“வரும். ஒரு காச சுண்டினா மூணு தபாவும் தல வுழறது இல்லியா? நான் குருட்டாம்போக்குல சொல்லிக்கினு இருக்கேன். எனக்கு வெத்தியாசம் தெரியல.” அவர் நாற்காலியைவிட்டு எழுந்து திரும்பினார். மேரியைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். “மணி சொன்னதுதான் சரி. அவன் ஜெயிச்சிட்டான்.”

அறையில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் விடாமல் கேட்டார், “அப்ப பத்துக்குப் பத்துன்னு சொன்னது?”

“அது நான் வுட்ட ரீலு சார்” என்றார் சூசைமுத்து. “பத்துக்குப் பத்துன்னு ஊரு பூரா சொன்னது நான்தான? அவளா வந்து ஒங்ககிட்ட சொன்னா?”

சிரித்தார்கள். கேலி செய்தார்கள். ஒருவர் அவருக்கு ரீல் சூசை என்று பெயர் வைத்தார். சூசைமுத்து எல்லாவற்றுக்கும் சேர்ந்தே சிரித்தார். ஜெயித்த மணிமாறனுக்குத்தான் ஜெயித்த சந்தோஷமே இல்லை, பிரியாணியை அவருக்கு அள்ளி அள்ளி வைத்தான். மேரி இலையில் கை வைத்துவிட்டு எழுந்தாள்.

விழுப்புரம் பஸ்ஸில் இருவர் உட்காரும் சீட்டாகக் கிடைத்தது. கண்டக்டர் சூசைமுத்துவுக்கு வணக்கம் வைத்துவிட்டு முன்னால் போனான். மேரி ஜன்னல் ஓரம். வயல்கள் போயின, லாரிகள் போயின.  விக்கிரவாண்டியில் வரிசையில் நின்று டோல் தாண்டும்வரை அவள் பொறுத்தாள்.

“எப்பிடித் தெரிஞ்சிதுங்க?”

“நீ நெசமா சொன்னா கரெக்ட்டுன்றது பட்டுனு நிக்கும். இல்லன்னா கடைசியில லேசா எறங்கும். ஒரு இழை அவ்ளோதான்.” அவர் கையால் காற்றில் மெல்ல இறக்கிக் காட்டினார். “ஊட்லயே கேட்டிருக்கேன். ரெண்டு மாதிரி வரும். அசதியில சொல்றன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்த ரூம்ல வேற ஒரு சத்தமும் இல்ல பாரு. மொதல் தபா எறங்குச்சு. ரெண்டாவது நின்னுச்சு. மூணாவது மறுபடி எறங்குச்சு. அப்பதான் எல்லாம் வெளங்குச்சு.”

மேரி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். “அங்கயே சொல்லியிருக்கலாமே. நான்தான் பொய் சொன்னேன்னு. நீங்க ஏன் ஒங்க மேல போட்டுக்கினீங்க?”

“ஒன் ரிசல்ட்ட நம்பி அந்த ஊர்ல எத்தினி பேரு மாத்தர முழுங்குறான். நான் ரீல் வுட்டா யாருக்கு இன்னா?”

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். காற்றில் கண்ணீர் காதுவரை போனது. அவர் தடுக்கவில்லை. கொஞ்சம் ஓய்ந்ததும் கேட்டாள், “எம்மேல கோவம் இல்லீங்களா?”

“இருக்குது.” அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். “நான் எதுல மேரி பாஸ் பண்ணேன்? ஒண்ணுத்துலயும் இல்ல. இது ஒண்ணுலதான் பாஸ் பண்ணிக்கினு வந்தேன்னு நெனச்சேன். அதையும் நீதான் மார்க்கு போட்டுக் குடுத்திருக்க.”

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

“இன்னிக்கி பாஸ் பண்ணிட்டீங்க” என்றாள்.

 சூசைமுத்து பஸ் இரைச்சலுக்கு நடுவில் தலையை அவள் பக்கம் சாய்த்து, அவள் சொன்ன அந்தச் சொல்லின் கடைசியை மனதுக்குள் ஒருமுறை திருப்பிக் கேட்டார். அது இறங்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.